லைட் மினுக்குதா, மங்குதா? பல்ப மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

எங்க வீடு சிங்கப்பூர் ஈசூன்ல, 80கள்ல கட்டின ப்ளாக், நாலறை வீடு. போன வருஷம் அம்மா ஊருலேருந்து வந்து மூணு மாசம் இருந்தாங்க, வந்த ரெண்டாவது வாரமே "தம்பி, நான் கெட்டில் போடுறப்பல்லாம் ஹால் லைட்டு கண்ண சிமிட்டுதுப்பா"ன்னு சொன்னாங்க. நான் என்ன பண்ணேன், "பல்பு பழசாயிருக்கும்மா"ன்னு சொல்லிட்டு பாலஸ்டியர் ரோட்டுல போய் புது சீலிங் லைட் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டினேன். அதுவும் சிமிட்டுச்சு. கடைக்காரர்கிட்ட சண்டை போட்டு மாத்தி இன்னொண்ணு வாங்கினேன், அதுவும் சிமிட்டுச்சு. கடைசில லைசென்ஸ் வச்சிருக்கிற எலக்ட்ரீஷியன் ஒருத்தர், அறுபது வயசு சீன அங்கிள், வந்து டிபி பாக்ஸ், அதான் மெயின் சுவிட்ச் இருக்கிற பெட்டி, அதோட மூடிய கழட்டி டார்ச் அடிச்சு காட்டினார். ஆர்சிசிபியிலேருந்து (கரண்டு லீக் ஆனா வெட்டி விடுற சுவிட்ச்) நியூட்ரல் பாருக்கு (கரண்டு திரும்பிப் போற நியூட்ரல் வயரெல்லாம் சேர்ற பட்டை) வர்ற தடி வயரு, அதோட ஸ்குரூ லூஸு, அந்த இடத்துல வயரோட பிளாஸ்டிக் அடியில பிடிச்ச தோசை மாதிரி பழுப்பாகி விரிசல் விட்டிருந்துச்சு. "நியூட்ரல் லூஸ் லா"ன்னு ஒரே வார்த்தை. மூணு வாரம் நான் பல்ப மாத்திட்டு இருந்திருக்கேன், அது உள்ள மெதுவா வெந்துட்டு இருந்திருக்கு.

அதனாலதான் இத எழுதுறேன். லைட்டு மினுக்குறது பத்துக்கு பத்து தடவையும் ஆபத்துன்னு சொல்ல வரல, நிறைய தடவை நிஜமாவே பல்புதான், ஆனா எது பல்பு எது வயருன்னு பிரிச்சு பாக்க ஒரு வழி இருக்கு, அதுக்கு டெஸ்டர் மீட்டர் எதுவும் வேண்டாம், மூணு கேள்வி போதும். எத்தனை லைட்டு மினுக்குது, எப்ப மினுக்குது, அப்ப வீட்டுல வேற என்ன ஓடிட்டு இருந்துச்சு.

முதல்ல, உடனே மெயின் ஆஃப் பண்ண வேண்டிய நேரம்

டிபி பாக்ஸ் பக்கமோ சுவிட்ச் பக்கமோ பிளாஸ்டிக் கருகுற வாசனை, சில சமயம் மீன் கெட்டுப்போன மாதிரி ஒரு நாத்தம் வரும், கிச்சன்ல மீனே இல்லாம அந்த வாசனை வந்தா சந்தேகப்படுங்க, சுவிட்ச் சாக்கெட்டுல பயன்படுத்துற சில வகை பிளாஸ்டிக் சூடானா அப்படித்தான் நாறும். அப்புறம் சுவிட்ச் பிளேட்ட தொட்டா சூடா இருக்கிறது, சாக்கெட் ஓட்டையச் சுத்தி பழுப்பு கறை, உள்ள எண்ணெய் பொரியிற மாதிரி சடசடன்னு சத்தம். இதுல ஒண்ணு இருந்தாலும் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனுக்கு போன் போடுங்க, மத்த ஸ்டெப்பெல்லாம் அப்புறம். புகையோ நெருப்போ பாத்தீங்கன்னா வெளிய வந்துட்டு தீயணைப்புக்கு 995.

இன்னொண்ணு, இத நிறைய பேருக்கு தெரியாது: லைட்டு மங்குறது ஒரு கதை, வழக்கத்த விட ஓவரா பளிச்சுன்னு எரிஞ்சு அப்புறம் மங்கி மறுபடி பளிச்சுன்னா அது வேற கதை. ஏன்னு கீழ சொல்றேன். அப்பவும் மெயின் ஆஃப்.

ஒரே ஒரு லைட்டு மட்டும் மினுக்குதுன்னா

மூச்சு விடுங்க, இது சுலபமான கேஸ். பிரச்சினை அந்த லைட்டுலயோ அதோட சுவிட்சுலயோ அதுக்குப் போற வயருலயோ இருக்கு. மாத்தி பாக்கிறதுக்கு முன்னாடி சுவரு சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணிட்டு கைய வைக்காதீங்க, பழைய வீட்டுல யாராவது சுவிட்ச லைவுக்கு (கரண்டு உள்ள வர்ற வயரு) பதிலா நியூட்ரல்ல போட்டிருந்தா சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல கரண்ட் இருக்கும், டிபி பாக்ஸ்ல அந்த லைட்டோட எம்சிபியவே, அதாவது ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனியா இருக்கிற குட்டி சுவிட்ச, இறக்கிடுங்க.

திருகுற பல்புன்னா, அடுத்த ரூம்ல நல்லா எரியுற பல்ப கழட்டி இங்க போடுங்க, இந்த பல்ப அங்க போடுங்க. மினுக்கல் பல்போட கூடவே போச்சுன்னா பல்பு, இங்கயே தங்கிடுச்சுன்னா ஹோல்டரோ வயரோ சுவிட்சோ. ரெண்டு நிமிஷ வேலை, இத பண்ணியிருந்தா பாலஸ்டியருக்கு ரெண்டு தடவை பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

பழைய ட்யூப் லைட்டுன்னா, முனை ரெண்டும் கருத்திருந்தா ட்யூபுக்கு வயசாயிடுச்சு. முனை கருக்காம டப் டப்புன்னு எரிய முயற்சி பண்ணிட்டே இருந்தா ஸ்டார்ட்டர் போயிருக்கும், அந்த சின்ன வெள்ளை டப்பா, அக்கம்பக்கத்து ஹார்ட்வேர் கடையிலயே கிடைக்கும். பழைய பட்டியிலயே (ட்யூப் மாட்டுற சட்டம்) எல்இடி ட்யூப் மாட்டினவங்க ஒண்ணு கவனிங்க, நிறைய எல்இடி ட்யூபோட ஒரு டம்மி ஸ்டார்ட்டர் கூடவே தருவாங்க, அத தூக்கிப் போட்டுட்டு பழைய ஸ்டார்ட்டரையே விட்டு வச்சா மினுக்கும். பட்டியில எலக்ட்ரானிக் பாலாஸ்ட் (ட்யூபுக்கு கரண்ட அளவா குடுக்கிற டப்பா) இருந்தா ட்யூபோட அட்டையில அதுக்கு ஒத்துவருமான்னு பாத்துட்டு வாங்குங்க, எல்லா ட்யூபும் ஒத்துவராது.

டவுன்லைட்டு, சீலிங் லைட்டு எல்லாம் இப்ப எல்இடிதான். எல்இடின்னா பொட்டு பொட்டா இருக்கிற அந்த மஞ்ச சிப்பு சீக்கிரம் சாகாது, சாகுறது பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற டிரைவர் டப்பா. நம்ம சாக்கெட்டுல வர்றது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது கரண்டு ஒரு செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்குது, அந்த மேடு பள்ளத்த நிரவி விடுறது டிரைவருக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர். தண்ணித் தொட்டி மாதிரி வச்சுக்கங்க, குழாயில தண்ணி விட்டு விட்டு வந்தாலும் தொட்டியிலேருந்து சீரா போகும். இந்த கெப்பாசிட்டருக்கு எமன் சூடுதான், 10 டிகிரி சூடு கூடினா ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு கணக்கு சொல்வாங்க. நாம என்ன பண்றோம், ஏற்கனவே அவிச்சு எடுக்கிற ஊருல, ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள காத்தே போகாத இடத்துல அத அடைச்சு வச்சு தினமும் எட்டு மணி நேரம் எரிய விடுறோம். தொட்டி வத்திப் போச்சுன்னா மினுக்கல் ஆரம்பிக்கும். போட்டவுடனே நல்லா இருந்து அரை மணி நேரம் கழிச்சு சூடானதும் மினுக்குதுன்னா அநேகமா இதுதான். டிரைவர மட்டும் மாத்தினா போதும், ஆனா பழைய டிரைவர் மேல எழுதியிருக்கிற மில்லி ஆம்பும் வோல்ட்டும் அப்படியே ஒத்துப் போகணும், போட்டோ எடுத்துட்டு கடைக்குப் போங்க.

சீலிங் ஓரத்துல மறைவா வைக்கிற கோவ் லைட்டுக்கு ஒட்டுற எல்இடி ஸ்ட்ரிப்புல வேற ஒரு வியாதி. போட்டவுடனே எரிஞ்சு அணைஞ்சு எரிஞ்சு அணைஞ்சு தாளம் போடும். மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் அஞ்சு மீட்டர் ஒட்டினா 72 வாட், அதுக்கு ரெனோவேஷன் ஆளு 60 வாட் டிரைவர் வச்சுட்டு போயிருப்பாரு, டிரைவர் தாங்க முடியாம தன்னையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கும். கணக்கு போட்டு அதுக்கு மேல 20 சதவீதம் சேத்து, 90 வாட்டுக்கு குறையாம வாங்குங்க. ஸ்ட்ரிப்போட ஆரம்பம் பளிச்சுன்னும் கடைசி மங்கலாவும் இருந்தா அது பழுதே இல்ல, 12 வோல்ட் ஸ்ட்ரிப் நீளமா போனா அப்படித்தான், கடைசிப் பக்கமும் ஒரு சப்ளை குடுத்தா சரியாயிடும்.

வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற டிம்மர் வச்சிருந்தா பல்பு அட்டையில டிம்மபிள்னு போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தும் மினுக்குதுன்னா டிம்மர் பழசா இருக்கும், அந்தக் காலத்து டிம்மர் நூறு இருநூறு வாட் குண்டு பல்புக்குன்னு செஞ்சது, 7 வாட் எல்இடி அதுக்கு சோளப்பொரி மாதிரி, அத வச்சு அதால ஒழுங்கா வேலை செய்ய முடியாது.

சுவிட்ச ஆஃப் பண்ணியும் லைட்டு லேசா எரியுதா

பேய் இல்ல. இது இப்ப ரொம்ப அதிகமா கேக்கிறேன், காரணம் ஸ்மார்ட் சுவிட்ச். நம்ம வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல பெரும்பாலும் சுவர் சுவிட்ச் டப்பாவுக்குள்ள லைவ் வயரு மட்டும் வந்து போகும், நியூட்ரல் வயரே இருக்காது. அதனால நியூட்ரல் வேண்டாத ஸ்மார்ட் சுவிட்ச்னு விக்கிறத வாங்குறோம். ஆனா அந்த சுவிட்சுக்கும் வைஃபைல உக்காந்திருக்க கொஞ்சம் கரண்டு வேணும்ல, அத அது லைட்டு வழியாதான் திருட்டுத்தனமா எடுக்குது. குண்டு பல்புக்கு அந்த துளி கரண்டு உறைக்கவே உறைக்காது, எல்இடிக்கு அதுவே போதும், நடுராத்திரி மங்கலா எரியும் இல்ல ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் பளிச் பளிச்சுன்னு வெட்டும். சின்ன சிவப்பு இன்டிகேட்டர் இருக்கிற சாதா சுவிட்சுலயும் இதே கூத்துதான்.

மருந்து சிம்பிள். நிறைய ஸ்மார்ட் சுவிட்ச் பெட்டிக்குள்ள கட்டைவிரல் சைஸ்ல ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், அத லைட்டு பக்கம் லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல போடணும், நாம அது என்னன்னு தெரியாம டப்பாவோட குப்பைல போட்டிருப்போம். இது ஆபத்து இல்ல, தூக்கம்தான் கெடும்.

அப்புறம் ஃபேன். பெட்ரூம்ல லைட்டு மினுக்குதுன்னு என் தங்கச்சி புலம்பினா, போய் பாத்தா லைட்டு நல்லா இருக்கு, டவுன்லைட்டு சீலிங் ஃபேன் றெக்கைக்கு மேல வந்து உக்காந்திருக்கு, றெக்கை சுத்துறப்போ வெளிச்சத்த வெட்டி வெட்டி விடுது, டிஸ்கோ மாதிரி. லைட்ட றெக்கை வட்டத்துக்கு வெளிய தள்ளி வைக்கிறத தவிர வேற வழியில்ல. புது பிடிஓ வீடு வாங்கி ரெனோவேஷன் பண்ணப் போறவங்க ஃபேன் அளவு 48 இஞ்சா 52 இஞ்சான்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் லைட்டுக்கு ஓட்டை போட சொல்லுங்க, உல்டாவா பண்ணாதீங்க.

ஒரு ரூம் இல்ல ரெண்டு மூணு ரூம் சேந்து மினுக்குதுன்னா

டிபி பாக்ஸ் கதவ திறங்க, கதவ மட்டும்தான், ஸ்குரூ போட்ட மூடிய இல்ல. லைட்டுக்கு ஒண்ணு ரெண்டு எம்சிபி, பெரும்பாலும் 6 இல்ல 10 ஆம்ப்னு போட்டிருக்கும். மினுக்குற லைட்டெல்லாம் ஒரே எம்சிபிக்கு கீழ வருதான்னு ஒண்ணொண்ணா இறக்கி பாத்து பேப்பர்ல எழுதுங்க. ஒரே எம்சிபின்னா அந்த சர்க்யூட்டுல, அநேகமா எங்கயோ ஒரு ஜாயிண்ட்டுல, பிடிப்பு விட்டிருக்கு. இதுக்கு மேல நம்ம வேலை இல்ல, எழுதின பேப்பர எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்தா அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

வீடு முழுக்க மங்குதுன்னா, கெட்டில் டெஸ்ட்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமா படிங்க.

லைட்டு ஒரு சர்க்யூட்டு, சாக்கெட்டு வேற சர்க்யூட்டு. டிபி பாக்ஸுக்குள்ளயே பிரிஞ்சு தனித்தனியா போயிடுது. அப்போ கிச்சன் சாக்கெட்டுல கெட்டில் போட்டா ஹால் லைட்டு ஏன் மங்கணும்? ரெண்டும் சேந்து போற ரோட்டுல எங்கயோ குண்டும் குழியும் இருந்தாதான் மங்கும். அந்த சேந்து போற ரோடு எதுன்னா மீட்டர், மெயின் சுவிட்ச், ஆர்சிசிபி, நியூட்ரல் பார், இதுங்கள இணைக்கிற நாலு தடி வயரு, வீட்டுக்கு வெளிய மாடி மாடியா ஏறுற ரைசர் கேபிள். எங்க வீட்டுல மாட்டினது அங்கதான்.

டெஸ்ட் இப்படி. ராத்திரி, ஏர்கான் எல்லாம் ஆஃப், ஹால் லைட்டும் பெட்ரூம் லைட்டும் ஆன். ஒருத்தர் லைட்ட பாத்துட்டு நிக்கணும், இன்னொருத்தர் 2,200 வாட் கெட்டில தண்ணியோட ஆன் பண்ணணும், ஏறக்குறைய 9.6 ஆம்ப் இழுக்கும். ஆன் பண்ற அந்த நொடியில மட்டும் துளி மங்கி உடனே சரியாச்சுன்னா கவலப்படாதீங்க, வயருன்னா கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கத்தான் செய்யும். மிக்ஸி, கிரைண்டர், பழைய இன்வர்ட்டர் இல்லாத ஏர்கான் மாதிரி மோட்டார் சாமான் ஸ்டார்ட் ஆகுறப்போ ஓடுறத விட பல மடங்கு கரண்ட ஒரு மூச்சு இழுக்கும், அதுவும் சகஜம். ஆனா கெட்டில் கொதிக்கிற மூணு நாலு நிமிஷமும் லைட்டு மங்கியே இருந்தாலோ, நடுவுல நடுங்கினாலோ, ரெண்டாவதா வாட்டர் ஹீட்டரையும் போட்டதும் இன்னும் மோசமானாலோ, அது அநேகமா லூஸ் கனெக்‌ஷன்.

ஏன் இத விடக்கூடாதுன்னா ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். ஒரு ஸ்குரூ லூஸாகி அந்த இடத்துல வெறும் 0.3 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சுன்னு வைங்க. ஹீட்டரும் இன்னொரு சாமானும் சேந்து 20 ஆம்ப் போகுது. வோல்டேஜ் குறையிறது 20 பெருக்கல் 0.3, வெறும் 6 வோல்ட், நல்ல எல்இடி டிரைவர் இருந்தா கண்ணுக்கே தெரியாது. ஆனா அந்த ஸ்குரூ முனையில உண்டாகுற சூடு 20 பெருக்கல் 20 பெருக்கல் 0.3, 120 வாட். ரெண்டு 60 வாட் சால்டரிங் அயர்ன டிபி பாக்ஸுக்குள்ள சொருகி வச்ச மாதிரி. லைட்டு நமக்கு காட்டுறதுக்கு முன்னாடியே அங்க வேகுது.

"அதான் ஆர்சிசிபி இருக்கே, ட்ரிப் ஆகுமே"ன்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். ஆகாது. ஆர்சிசிபி பாக்கிறது லைவ்ல போன கரண்டு நியூட்ரல்ல முழுசா திரும்பி வருதான்னு, 30 மில்லி ஆம்ப் அளவுக்கு லீக் ஆனா வெட்டும், ஷாக்லேருந்து நம்ம உயிர காப்பாத்துறது அது. லூஸ் ஸ்குரூல கரண்டு எங்கயும் லீக் ஆகல, போனது அப்படியே திரும்பி வருது. எம்சிபி பாக்கிறது கரண்டு அளவு கூடுதான்னு, அதுவும் கூடல. ரெண்டு காவக்காரனும் முழிச்சிட்டுதான் இருக்கான், திருடன் அவங்க பாக்காத பக்கம் உக்காந்திருக்கான்.

அதுக்காக ஆர்சிசிபி வேண்டாம்னு ஆயிடாது. 1985க்கு முன்னாடி கட்டின சில வீட்டுல அதுவே இல்லாம இருந்துச்சு, 2025 ஜூலை 1லேருந்து சிங்கப்பூர்ல எல்லா வீட்டுலயும் கட்டாயம். உங்க வீட்டுல இருக்கான்னு தெரியலன்னா டிபி பாக்ஸ்ல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கான்னு பாருங்க, இருந்தா மாசம் ஒருதரம் அமுக்குங்க, டப்புன்னு விழணும்.

மங்காம பளிச்சுன்னு ஆகுதுன்னா

மேல சொன்னேன்ல, அது இது. ப்ளாக்குக்கு வர்றது மூணு ஃபேஸ் கரண்டு, அதாவது மூணு லைவ் வயரு, ஒவ்வொரு வீட்டுக்கும் அதுல ஒரு ஃபேஸ பிரிச்சு குடுக்கிறாங்க, நியூட்ரல் எல்லாருக்கும் பொது. உங்க வீட்டுக்கு வெளிய அந்த பொது நியூட்ரல் அறுந்தாலோ பிடிப்பு விட்டாலோ ஒவ்வொரு வீட்டுக்கும் 230 வோல்ட்டுன்னு சமமா பிரியாது, ஒரு வீட்டுக்கு 150 வரும், இன்னொரு வீட்டுக்கு 300ம் வரும், 400 பக்கம் கூட போகலாம். கம்மியா வந்த வீட்டுல லைட்டு மங்கும், கூடுதலா வந்த வீட்டுல டிவி, ஃபிரிட்ஜ், ரவுட்டர்னு வரிசையா புகையும். மெயின ஆஃப் பண்ணுங்க, சாமான் பிளக்கெல்லாம் கழட்டுங்க, கரண்டு கம்பெனி எஸ்பி குழுமத்தோட 24 மணி நேர நம்பர் 1800-778-8888க்கு அடிங்க. மூணு ஃபேஸ் போட்ட தரை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது ஒரே வீட்டுக்குள்ளயே தெரியும், மாடி மங்கும் கீழ் வீடு பளபளக்கும்.

நம்ம வீடா, ப்ளாக்கா

எப்ப பாத்தாலும் நம்ம வீடுதான்னு முடிவு பண்ண வேண்டாம். ப்ளாக் வாட்ஸப் குரூப்ல "உங்களுக்கும் லைட்டு மினுக்குச்சா"ன்னு ஒரு மெசேஜ் தட்டுங்க. எல்லாரும் ஆமான்னா, அதுவும் ஒரே ஒரு தடவை அரை செகண்டு மங்கி சரியாச்சுன்னா, கரண்டு வலையில எங்கயோ கேபிள் பழுதாகி அத தானா வெட்டி விட்டிருக்கும், இங்க கேபிளெல்லாம் மண்ணுக்கடியில போகுது, சில சமயம் ரோடு தோண்டுறவங்க குத்திடுவாங்க. அதுக்கு நீங்க பண்ண ஒண்ணுமில்ல. மேல வீட்டுக்கும் கீழ வீட்டுக்கும் மட்டும் தினமும் மினுக்குதுன்னா ரைசர்ல பிரச்சினையா இருக்கலாம், எஸ்பி நம்பருக்கே சொல்லலாம். காரிடார் லைட்டு மட்டும்னா நகர மன்றத்துக்கு.

ஆள் கூப்பிடுறப்போ

பல்பு, ஸ்டார்ட்டர், பிளக்கு இது நாம. சுவருக்குள்ள போற வயரு, டிபி பாக்ஸ் மூடிக்கு உள்ள இருக்கிறது எல்லாம் எரிசக்திச் சந்தை ஆணையத்தோட லைசென்ஸ் வச்சிருக்கிற எலக்ட்ரீஷியன். மெயின ஆஃப் பண்ணினாலும் மெயின் சுவிட்சுக்கு உள்ள வர்ற பக்கத்துல கரண்டு இருந்துட்டேதான் இருக்கும், யூட்யூப் பாத்து கைய விடாதீங்க. லைசென்ஸ் நம்பர கேளுங்க, ஆணையத்தோட இணையத்தளத்துல தேடி பாத்துக்கலாம், கேட்டா கோவிச்சுக்கிற ஆளு வேண்டாம். வர்றதுக்கு எவ்வளவு, பாக்குறதுக்கு எவ்வளவுன்னு போன்லயே கேட்டுடுங்க.

"லைட்டு மினுக்குது"ன்னு மட்டும் சொன்னா அவரும் என்ன மாதிரி பல்புலேருந்துதான் ஆரம்பிப்பாரு. "கெட்டில் போட்டா வீடு முழுக்க மங்குது, ஆஃப் பண்ணா சரியாகுது"ன்னு சொல்லுங்க, முடிஞ்சா வீடியோ எடுத்து அனுப்புங்க. போன் வீடியோல கோடு கோடா ஓடுறத பாத்து பயப்படாதீங்க, அது அந்த 100 தடவை மேடு பள்ளம்தான், கேமராவுக்கு தெரியும் கண்ணுக்கு தெரியாது.

ஸ்குரூ டைட் பண்றதோட நிறுத்த விடாதீங்க. கருகின வயரு முனைய வெட்டிட்டு புதுசா சீவி மாட்டணும், சூட்டுல வெந்த செம்பு மறுபடி நல்லா பிடிக்காது, எம்சிபியோ பாரோ நிறம் மாறியிருந்தா அதையும் மாத்தணும். 1994க்கு முன்னாடி கட்டின வீடா இருந்தா மெயின் 30 ஆம்பா 40 ஆம்பான்னும் கேட்டுக்கங்க. புதுசா ஏர்கான் போடுற யோசனை இருந்தா கண்டிப்பா கேக்கணும்.

அவரு மூடிய மாட்டி காசு வாங்குறதுக்கு முன்னாடி அதே கெட்டில அதே சாக்கெட்டுல போட்டு காட்ட சொல்லுங்க. எங்க வீட்டுல அம்மாதான் போட்டாங்க, நாங்க மூணு பேரும் ஹால்ல நின்னு அண்ணாந்து பாத்தோம், லைட்டு அசையல, தண்ணி கொதிச்சுது, அந்த தண்ணியிலேயே அங்கிளுக்கு ஒரு மைலோ.